பிரிட்ஜ்டவுனில் அத்திவாரம் பார்க்கப் போனது

மே மாதக் கடைசி வாரத்தில் நானும் என் மனைவி மலரும் பார்படோஸ் தீவின் தலைநகரமான பிரிட்ஜ்டவுனுக்குப் போய் ஆறு நாள் நின்றுவிட்டு வந்தோம். ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களையும் புதுக் கட்டடங்களையும் பார்க்கப் போகிறோம் என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம். ஃபாரஸ்ட் கேட்டில் இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டுச் சமையல் குசினியைப் பின்பக்கம் நீட்டிக் கொடுத்தும், கூரைக்குக் கீழே அறை போட்டுக் கொடுத்தும் சீவிக்கிறவன் நான். ஐம்பத்தைந்து வயதில் எனக்குக் கட்டடக் கலை மேல் வந்த காதலை ஒருவரும் நம்பவில்லை. பலசரக்குக் கடைக்காரர் மட்டும், "நல்ல விஷயம் அண்ணை, இனியாவது வடிவாய்க் கட்டுவியள்" என்றார்.

உண்மைக் காரணம் எங்கள் மகள் அபி. இருபத்தொன்பது வயது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை, ஹவுன்ஸ்லோவில் தனியாக ஒரு ஃபிளாட். ஏப்ரல் தொடக்கத்தில் வந்து, மார்க்கஸ் என்கிற பையனைக் கல்யாணம் கட்டப்போவதாகச் சொன்னாள். பையன் லண்டனில் ஒரு சிறிய கம்பனியில் கட்டட வரைஞன். பிறந்தது பிரிட்ஜ்டவுனில். "ஆகஸ்டில ரெஜிஸ்ட்ரேஷன், அப்பா. முன்னுக்கு உங்களுக்கு ரெண்டு கதிரை போடுவம். மே முடியிறதுக்குள்ள வாறியளோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ. வராட்டி வேற ஆக்களை இருத்துவம்." இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அதுதான் எனக்குப் பயம். மலர் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

எங்கள் ஆட்களுக்குச் சம்பந்தம் என்றால் முதலில் விசாரிக்கவேண்டும். பையன் ரொறன்ரோவில் இருந்தாலும் பாரிஸில் இருந்தாலும் மலர் நாலு பேருக்கு போன் எடுத்தால் அவனுடைய தகப்பன் எந்தக் கடையில் யாரோடு சண்டை பிடித்தார் என்பது வரை வந்துவிடும். பிரிட்ஜ்டவுனுக்கு யாருக்கு எடுப்பது? மலருடைய போனில் அறுநூறு பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அறுநூறும் உதவவில்லை.

பையனின் தாய் இருப்பது வால்தம்ஸ்டோவில். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல். "போய்ப் பார்த்தால் முடிஞ்சுது" என்றேன்.

"போனா ஏதும் குடிக்கத் தருவினம்" என்றாள் மலர்.

"குடிப்பம்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. பேச்சு முடியமுந்தி அந்த வீட்டில கை நனைச்சா, சரி எண்டு சொன்ன மாதிரி."

இது அவள் கண்டுபிடித்த சட்டம் இல்லை. சம்பந்தம் முடிவாகும்வரை மற்றப் பக்கத்து வீட்டில் வாய் வைப்பதில்லை, நம் வீட்டிலும் கொடுப்பதில்லை. அதனால், மூன்று மைல் தூரத்தில் ஒரு தேத்தண்ணியைத் தவிர்ப்பதற்காக நாங்கள் நாலாயிரத்து இருநூறு மைல் பறந்தோம். ஒருவரையும் சந்திப்பதில்லை, பையன் பிறந்து வளர்ந்த வீட்டை மட்டும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவது என்பது திட்டம். வீட்டைப் பார்த்தால் ஆட்களைத் தெரியும் என்பது என் தொழில் அனுபவம். முகவரியை எடுத்த விதத்தைப் பெருமையாகச் சொல்ல ஏலாது: பிரிட்ஜ்டவுனிலிருந்து வந்து அபியின் மேசையில் கிடந்த ஒரு பார்சல் மட்டையை, அவள் ரொய்லெற்றுக்குப் போன நேரம் போனில் படம் எடுத்தேன்.

இதற்குள் கட்டடம் பார்க்கப் போகிறோம் என்று கேள்விப்பட்ட அபி, மார்க்கஸ் கையால் வரைந்த பிரிட்ஜ்டவுன் வரைபடம் ஒன்றை எனக்கு அனுப்பிவைத்தாள். ஏழு கட்டடம், ஏழு வட்டம், எந்தப் பக்கத்தில் நின்றால் நிழல் என்பது வரை குறித்திருந்தான். நாங்கள் இன்னும் சம்மதம் சொல்லாத மருமகனின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவனையே உளவு பார்க்கப் போனவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

இனிப் பயண விபரம். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து எலிசபெத் லைனில் ஃபரிங்டன் போய், அங்கே மாறி கெட்விக். ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் காலை 11.20. எட்டே முக்கால் மணித்தியாலப் பறப்பு. போய் இறங்கினால் அங்கே பின்னேரம் 3.05, கோடையில் லண்டனுக்கு ஐந்து மணித்தியாலம் பின்னுக்கு. டிக்கெற் ஆளுக்கு 612 பவுண். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய பதினாலு கிலோமீற்றர், டாக்ஸிக்கு அவர்களுடைய காசில் 64 டொலர், எங்களுடைய இருபத்தைந்து பவுணுக்குக் கிட்ட.

டாக்ஸி ஓட்டிய கார்ல்டன், என் வயதுக்காரர். அவர் பேசியது ஆங்கிலம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். விளங்கிய பாதியை இந்தக் கட்டுரையில் என் தமிழில் தருகிறேன். விளங்காத பாதிதான் முக்கியமானது என்று ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது.

"எதற்கு வந்திருக்கிறீர்கள்? கடலா, கிரிக்கெட்டா?" என்றார்.

"கட்டடம்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். "கடல் இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார்.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பஸ் எடுத்தோம். எவ்வளவு தூரம் போனாலும் மூன்றரை டொலர். ஏறினவுடன் பஸ்ஸில் இருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து "குட் மோர்னிங்" என்றார். பின்னால் இருந்தவரும் சொன்னார். மலர் என் முழங்கையை இடித்தாள். "என்னப்பா, எங்களைத் தெரியுமோ இவைக்கு? ஆரோ சொல்லிப்போட்டினம்." உளவு பார்க்க வந்தவர்களுக்கு வருகிற முதல் வியாதி அது. அங்கே யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்லாமல் ஒரு கதையும் தொடங்குவதில்லை என்பது மத்தியானமளவில்தான் எனக்கு விளங்கியது. நான் மூன்று கடையில் "எக்ஸ்கியூஸ் மீ" என்று தொடங்கி மூன்று கடையிலும் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு.

நகரத்தின் நடுவில் கடல் ஒரு கால்வாயாக உள்ளே வந்து படகுகள் கட்டி நிற்கிறது. அதன் மேல் இரண்டு பாலம். பாலம் தாண்டினால் பாராளுமன்றம். மார்க்கஸின் முதலாவது வட்டம் அது. பார்த்தவுடன் எனக்குத் தலை சுற்றியது. கூர் மாடத்து ஜன்னல், மணிக்கூட்டுக் கோபுரம், எல்லாம் எங்களுடைய வெஸ்ட்மின்ஸ்டரின் ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. ஆனால் அந்த ஜன்னலுக்கு வெயில் தடுக்கிற மரச் சட்டத் தட்டி. சுவரைக் கையால் தடவிப் பார்த்த மலர் நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இது எங்கடை முருகைக்கல் எல்லே?"

உண்மைதான். கடலுக்குள் விளைகிற அதே கல். யாழ்ப்பாணத்தில் கோட்டைச் சுவரிலும் பழைய மதில்களிலும் பார்த்த அதே பொள்ளல். இங்கிலாந்து வடிவத்தில், எங்களுடைய கல்லில், கரீபியன் வெயிலில் ஒரு பாராளுமன்றம். இது யாருடைய கட்டடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குழப்பம் அத்தோடு நிற்கவில்லை. அதற்கு முன்னால் இருக்கிற சதுக்கத்தின் பழைய பெயர் ட்ரஃபால்கர் சதுக்கம். அங்கேயும் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிற அதே ஆங்கிலேயக் கடற்படைத் தளபதிக்குச் சிலை வைத்திருந்தார்கள், அதுவும் லண்டன்காரர் வைப்பதற்கு முன்னமே. சில வருடங்களுக்கு முன்னர்தான் இறக்கினார்கள். சதுக்கத்தின் பெயரை அதற்கு முன்னரே மாற்றிவிட்டார்கள். ஆக, லண்டனில் இருப்பதுதான் பிந்தியது, இங்கே இருந்ததுதான் முந்தியது. நான் மூலத்திலிருந்து நகலைப் பார்க்க வந்தேனா, நகலிலிருந்து மூலத்தைப் பார்க்க வந்தேனா? மலரிடம் கேட்டேன். "எனக்குத் தண்ணி விடாய்க்குது" என்றாள்.

பெரிய கடைத்தெருவில் இரண்டு குமிழ்க் கூரை வைத்த பழைய காப்புறுதிக் கம்பனிக் கட்டடம் ஒன்று, பூவேலை செய்த இரும்பு விறாந்தையோடு கலியாணப் பெண் மாதிரி நிற்கிறது. பக்கத்தில் கண்ணாடியும் கொங்கிறீற்றுமாக ஒரு கடைத் தொகுதி. கொஞ்சம் தள்ளி மத்திய வங்கியின் உயர்ந்த கொங்கிறீற்றுக் கோபுரம். அது எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊருக்குப் பொருந்தும், எந்த ஊருக்கும் பொருந்தாது. ஆனால் மார்க்கஸ் அதையும் வட்டமிட்டு, "மேலே பார்க்க வேண்டாம், ஜன்னல்கள் எவ்வளவு உள்ளுக்குப் போயிருக்கின்றன என்று பாருங்கள்" என்று எழுதியிருந்தான். பார்த்தேன். ஆழமாக உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள், வெயில் கண்ணாடியில் விழாமல். பழைய வீட்டு மரத் தட்டி செய்த வேலையைப் புதுக் கொங்கிறீற்று செய்கிறது. பையன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். நினைத்ததை மலருக்குச் சொல்லவில்லை.

புதன்கிழமை மிச்ச வட்டங்கள். ரோஜா நிறம் பூசிய பழைய யூதக் கோவில், பெரிய தேவாலயம், குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றிய பழைய இராணுவக் கட்டடங்கள். எல்லாமே நடக்கிற தூரம்தான், ஒரு நாளுக்கு ஆறு கிலோமீற்றர் போதும். ஆனால் பத்தரை மணிக்கு மேல் அந்த வெயிலில் நடப்பது வேலை. அன்றைக்குத்தான் பாராளுமன்றத்து மணிக்கூட்டுக் கோபுரத்தின் கதையையும் கேட்டேன். முதலில் அதைக் கிழக்குப் பக்கக் கட்டடத்தில் கட்டியிருக்கிறார்கள். அது நிலத்துக்குள் தாழத் தொடங்கிவிட்டது. இடித்துவிட்டு மேற்குப் பக்கத்தில் திரும்பக் கட்டினார்களாம். "பார், மலர், ஆங்கிலேயனும் அத்திவாரத்தில கோட்டை விட்டிருக்கிறான்" என்றேன். தொழில்காரனுக்கு மற்றத் தொழில்காரன் பிழை விட்டதைக் கேட்பது போல ஒரு சந்தோஷம் கிடையாது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு கார்ல்டனை வரச்சொல்லி, முகவரியைக் காட்டினேன். நகர மையத்திலிருந்து மூன்று கிலோமீற்றர், பதினெட்டு டொலர். அங்கே சிறு ஒழுங்கைகளை 'கேப்' என்கிறார்கள். வீடுகளில் இலக்கம் இல்லை. கார்ல்டன் ஒழுங்கை வாயில் நிறுத்தி, "ஈரப்பலா மரத்துக்கு எதிர் வீடு" என்று காட்டிவிட்டு நிழலில் காரை விட்டார்.

ஈரப்பலா மரத்துக்கு எதிரில் நின்றது வீடு இல்லை, மாளிகை. கீழே முருகைக்கல், மேலே மரம், சுற்றிவர இரும்பு வேலைப்பாட்டு விறாந்தை, ஒவ்வொரு ஜன்னலுக்கும் தொப்பி வைத்த மாதிரி மூடு கூரை. மலர் எண்ணத் தொடங்கினாள். "முன்பக்கம் மட்டும் பதினாலு ஜன்னலப்பா."

"ஓம்."

"பெடியனைப் பார்த்தாலும் நல்ல குடும்பத்துப் பெடியன் மாதிரித்தான் கிடக்கு. நான் அப்பவே சொன்னனான்."

"எப்ப சொன்னனீ?"

"மனசுக்கை சொன்னனான்."

ஏழு வாரம் மகளோடு பேசாதவள் பதினாலு ஜன்னலில் இறங்கிவிட்டாள். நான் கேற்றடிக்குப் போய்ப் படம் எடுத்தேன். படத்தில்தான் பலகை தெரிந்தது: பல் வைத்தியசாலை, நேரம் ஒன்பது முதல் நாலு. காவலாளி வந்து பல் வலியா என்று கேட்டார். மார்க்கஸின் குடும்பப் பெயரைச் சொன்னேன். அவர் மரத்துக்கு மற்றப் பக்கத்தைக் காட்டினார்.

மற்றப் பக்கத்தில் ஒரு மர வீடு. நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல், செங்குத்தாய்த் தகரக் கூரை. நீலமும் மஞ்சளும் பூசி மிகத் துப்புரவாக இருந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறைக்குள் முழு வீட்டையும் வைத்துவிட்டு, சுற்றி நடக்கலாம். மலர் எண்ணி முடித்துவிட்டாள். இரண்டு ஜன்னலை எண்ணுவதற்கு அதிக நேரம் எடுக்காதே.

என் கண் போனது கீழே. வீடு நிலத்தில் தொட்டு நிற்கவில்லை. முருகைக்கல் துண்டுகளை அடுக்கி, அதன்மேல் வைத்திருந்தார்கள். தொழில் புத்தி விடவில்லை. யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு முழங்காலில் இருந்து, பிறகு வயிற்றில் படுத்து, போன் வெளிச்சத்தை வீட்டுக்குக் கீழே அடித்தேன். கல்லுக்குக் கல் சீமெந்து இல்லை. ஒன்றுமே இல்லை. மற்றப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"மலர், இதுக்கு அத்திவாரம் இல்லை."

"என்னது?"

"சும்மா தூக்கி வைச்சிருக்கு. தள்ளினா போயிடும்."

"ஐயோ. அத்திவாரமில்லாத வீட்டு ஆக்களுக்கோ பிள்ளையைக் குடுக்கிறது? எழும்புங்கோ, போவம். எழும்புங்கோப்பா!"

எழும்பத்தான் பார்த்தேன். என் மூக்கிலிருந்து ஓர் அடி தூரத்தில் இரண்டு சிவப்புச் செருப்பு வந்து நின்றது.

"குட் மோர்னிங்" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

"குட் மோர்னிங்" என்றேன் நிலத்தைப் பார்த்தபடி. அதையாவது சரியாகச் செய்தேன்.

"ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?"

"இல்லை. கட்டடக் கலை பார்க்கிறேன்."

"எழுபத்தொரு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன், கீழேயிருந்து பார்க்கிற ஆளை. எழும்புங்கள், அபியின் அப்பா. செவ்வாய்க்கிழமை வருவீர்கள் என்று தேங்காய்ப் பாண் சுட்டு வைத்தேன். இன்றைக்கு வியாழன்."

அவர்தான் ஆன்ட்டி மேவிஸ், மார்க்கஸின் பெரிய தாய். தாய் லண்டனுக்குத் தாதி வேலைக்குப் போனபோது பையனைப் பன்னிரண்டு வயதுவரை வளர்த்தவர். நான் 'கட்டடக் கலை' என்று சொன்ன அன்றே அபிக்கு விஷயம் விளங்கிவிட்டதாம். மார்க்கஸ் அன்றே பெரியம்மாவுக்கு போன் பண்ணிவிட்டானாம். முழு உலகத்துக்கும் தெரிந்த இரகசியப் பயணத்தில் இரகசியமாக இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

உள்ளே போனோம். போகாமல் என்ன செய்வது, என் சேட்டின் முன்பக்கம் முழுக்க அவர்களுடைய மண். ஆன்ட்டி மேவிஸ் சுங்கத் திணைக்களத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தவர். அது அவர் கதிரையில் இருக்கிற விதத்திலேயே தெரிந்தது. ஒரு தட்டில் பாண், இரண்டு கிளாசில் கறுப்பாக ஒரு குளிர்பானம். அங்கே மரப்பட்டை அவித்துச் செய்கிற மோபி என்கிற பானம். மலர் என்னைப் பார்த்தாள். நான் கையை மடியில் வைத்தேன்.

"வீட்டுக்குக் கீழே என்ன கண்டீர்கள்?"

"கல்லைச் சும்மா அடுக்கியிருக்கிறீர்கள்" என்றேன். "சீமெந்து இல்லையே என்று..."

"வேண்டுமென்றுதான் இல்லை" என்றார். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த ஆட்களுக்கு வீடு சொந்தம், நிலம் முதலாளிக்குச் சொந்தம். முதலாளி எழும்பு என்றால் எழும்பவேண்டும். அதனால் பலகை பலகையாகக் கழற்றி, வண்டியில் ஏற்றி, அடுத்த இடத்தில் கல்லை அடுக்கி, பின்னேரத்துக்குள் திரும்ப நிமிர்த்தக்கூடிய மாதிரிக் கட்டினார்கள். இந்த வீடு மூன்று தரம் மாறியிருக்கிறது. "கடைசித் தரம் எனக்கு ஏழு வயது. அந்த ஜன்னல் தட்டியை நான்தான் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது நிலமும் என்னுடையது. மார்க்கஸ் வந்து சீமெந்து பூசட்டுமா என்று கேட்டான். தொட்டாயோ பார் என்றேன்."

நான் அந்தத் தட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திமூன்று வயதில் ஒரு பையோடு நாட்டை விட்டு வந்தவன் நான். அப்பா நாலு அடி ஆழத்தில் கருங்கல் போட்டுக் கட்டிய வீடு அங்கேயே நின்றது, பிறகு நிற்கவில்லை. அத்திவாரம் மட்டும் இன்றைக்கும் இருக்கிறதாம், பற்றைக்குள். அது எங்களுக்கு என்ன செய்தது என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசித்து முடிக்கவில்லை, ஏனென்றால் ஆன்ட்டி மேவிஸ் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"நானும் உங்களைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தேன்."

மலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஃபாரஸ்ட் கேட்டில் உங்கள் ரோட்டு மூலையில் தலைமயிர் பின்னுகிற கடை வைத்திருக்கிற பெண், என்னோடு தேவாலயத்தில் பாடுகிறவளின் மகள். பின்வீதியில் ஒரு பஸ் டிரைவர், எனக்குச் சொந்தம். உங்கள் வீட்டுப் பின்பக்கக் கட்டடம் கவுன்சில் அனுமதித்ததைவிட நாலு அடி நீளம். குப்பைத் தொட்டியை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளி வைக்கிறீர்கள். நீங்கள்" என்று மலரைப் பார்த்தார், "கோவிலில் எல்லாருக்கும் சமைத்துக் கொடுப்பீர்களாம், கையும் மனமும் பெரிது என்று சொன்னார்கள். ஆனால் மகளோடு ஏழு வாரமாகப் பேசவில்லை."

நாலு அடி என்பது எனக்கும் மலருக்கும் மட்டுமே தெரிந்த அளவு. எங்கள் ஆட்கள்தான் விசாரணையில் வல்லவர்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை" என்றார். "ஒன்று மட்டும் கேட்கிறேன். மார்க்கஸ் உங்கள் வீட்டுக்கு மூன்று தரம் வந்தான், அபியைக் கொண்டுவந்து விட. ஒரு தரம் மழை. மூன்று தரமும் வாசலில் நின்றுவிட்டுப் போனான். அவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் ஏன் கொடுக்கவில்லை?"

"அவர் கேட்கவில்லை..." என்று தொடங்கினேன்.

"அவன் கேட்டானா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கொடுக்கவில்லை?"

எங்களுடைய வழக்கத்தை எப்படி விளக்குவது? கொடுத்தால் சம்மதம், கொடுக்காவிட்டால் இன்னும் முடிவில்லை, மரியாதைக் குறைவு இல்லை, அது ஒரு நடைமுறை என்று என் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. மழைக்குள் ஒரு பையன், வாசலில், வெறும் கையோடு.

மலர் கிளாசை எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள், கீழே வைத்தாள், வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு என்னுடைய கிளாசையும் எடுத்து அதையும் குடித்தாள்.

மோபி குடித்தவர்களுக்குத் தெரியும், அது வேம்புக் கசாயத்துக்குச் சீனி போட்ட மாதிரி. முகம் சுளிக்காமல் ஒரு கிளாஸ் குடிப்பதே பெரிய காரியம். மலரின் கண்ணில் தண்ணீர் வந்தது. கசப்பால்தான் என்று பிறகு சொன்னாள்.

ஆன்ட்டி மேவிஸ் போனை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, மலரின் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் அபி. "ஹலோ, ஆன்ட்டி? ஆர் தே தெயர்?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

ஏழு வாரத்துக்குப் பிறகு என் மனைவி மகளோடு பேசிய முதல் வசனம் இதுதான்: "உன்ரை கொப்பர் இஞ்ச ஆக்களின்ரை வீட்டுக்குக் கீழ படுத்துக்கிடந்தவரடி."

அந்தப் பக்கத்திலிருந்து "அம்மா?" என்று கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கவும் அழவும் தொடங்கினார்கள், எது யாருடையது என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. அரை மணித்தியாலம் என்னைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கார்ல்டன் காத்திருந்ததற்கு இருபது டொலர் அதிகம் கேட்டார், கொடுத்தேன்.

கதை சுபமாக முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளிக்கிடும்போது, "எங்களுக்குப் பூரண சம்மதம், ஆன்ட்டி" என்று கையைப் பிடித்தேன். அவர் கையைக் கொடுத்தார். "நல்லது" என்றார். "நான் யோசித்துச் சொல்கிறேன்."

அந்த வசனம் எங்களுடையது! பிடிக்காத இடத்துக்கு எங்கள் ஆட்கள் சொல்லுகிற வசனம்! திரும்பும் விமானத்தில் முழு இரவும் மலர் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். "என்னப்பா யோசிக்கக் கிடக்கு அவவுக்கு? எங்களிலை என்ன குறை?" குப்பைத் தொட்டி என்றேன். லண்டன் வந்து வீட்டு உடுப்பு மாற்றமுதல் அதை எங்கள் பக்கம் இழுத்து வைத்தாள்.

போகிறவர்களுக்கு: ஜூனிலிருந்து நவம்பர்வரை புயல் காலம், அதற்கு முந்திப் போங்கள். தங்குமிடம் எங்களுக்கு இரவுக்கு 180 டொலர், சமையலறையோடு. மின்சாரச் செருகி அமெரிக்க மாதிரி, லண்டன் பிளக் போகாது. இராணுவ உடுப்பு நிறத்தில் காற்சட்டை, தொப்பி ஒன்றும் கொண்டுபோகாதீர்கள், பொதுமக்கள் போடுவது அங்கே சட்டப்படி குற்றம். பாராளுமன்றத்துக்குள் போக விரும்பினால் திறந்திருக்கிற நாளை முதலில் கேளுங்கள். மர வீடுகளைப் படம் எடுக்கமுதல் உள்ளே இருப்பவரிடம் கேளுங்கள், படுக்க வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தது எது, புதியது எது, யார் யாரைப் பார்த்துக் கட்டினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆறு நாள் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மார்க்கஸிடம் கேட்டேன். எங்கள் குசினியில் இருந்து, மலர் கொடுத்த இரண்டாவது தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "எனக்கும் சரியாய்த் தெரியாது அங்கிள்" என்றான். அந்தப் பதிலுக்காகவே அவனை எனக்குப் பிடித்தது.

போன கிழமை ஆன்ட்டி மேவிஸிடமிருந்து செய்தி வந்தது. முடிவு இல்லை. ஜூலையில் லண்டன் வருகிறாராம், வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாராம். அபி இந்தக் கட்டுரையைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களை வைத்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன் என்று வெருட்டுகிறாள். அதனால் அவருக்கும் இரண்டு வரி:

கெட்விக்கிலிருந்து ரயிலில் ஃபரிங்டன், அங்கே மாறி ஃபாரஸ்ட் கேட், ஒன்றரை மணித்தியாலம். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு எழுநூறு மீற்றர், ஆனால் நடக்கவேண்டாம், நான் காரோடு நிற்பேன். ரோட்டில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும், நூறு வருடத்துக்கு முந்தியவை, எங்கள் ஆட்கள் கட்டியது ஒன்றும் இல்லை. பின்பக்கம் நீங்கள் வருகிறபோது நாலு அடி குறைந்திருக்கும். இந்தச் சனிக்கிழமை இடிக்கத் தொடங்குகிறேன்.